அம்மாவின் நடுவிரல் நிமிரவில்லை: டாக்டரிடம் காட்டலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் செல்லூர்ப் பக்கம் இருக்கிறோம். அம்மா பூ கட்டுகிறவர். ஆடி மாதக் கடைசியில் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது நிறைகுடம் நழுவி, வலது கை நடுவிரல் குடத்துக்கும் திண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அடி விழுந்தது நடுக்கணுவின் மேல்பக்கம். அன்றைக்கு நல்ல வலி, நல்ல வீக்கம். மஞ்சளும் உப்பும் புளியும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பத்துப் போட்டோம். வலி சீக்கிரமே குறைந்துவிட்டது.

இப்போது ஆவணி பாதி ஆகிவிட்டது. வலி என்று பெரிதாக இல்லை. ஆனால் கணு இன்னும் தடித்தே இருக்கிறது, விரல் லேசாக மடங்கியே நிற்கிறது. நிமிர்த்தச் சொன்னால் முடியவில்லை. இன்னொரு கையால் பிடித்து நிமிர்த்தினால் நிமிர்கிறது, விட்டதும் பழையபடி மடங்கிவிடுகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் வர மறுக்கிறார். "வலிதான் போயிருச்சே, அப்புறம் எதுக்கு?" என்கிறார். ஆடியில் கல்யாணம் கிடையாது, பூ வேலையும் படுத்துவிடும். ஆவணி முகூர்த்தத்தை நம்பித்தான் ஆடி மாதக் கடனே வாங்குவோம். இப்போது மாலை ஆர்டர் வரிசையாக இருக்கிறது. ஒரு நாள் ஓபி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வலி இல்லாத விரலுக்காக அவரைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போவது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்:
பயப்படாதம்மா. நானும் செல்லூர்தான், தறி ஓட்டி வயசானவன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடா தெறித்து விரலில் பட்டதெல்லாம் கணக்கே இல்லை. கணுவில் அடிபட்டால் வீக்கம் வடிய மாசக்கணக்கில் ஆகும். என் சுண்டுவிரல் கோணலாகவே சேர்ந்துவிட்டது, அதோடுதான் இத்தனை வருசமும் வேலை பார்த்தேன். வேலை செய்கிற கை கொஞ்சம் கோணத்தான் செய்யும். முகூர்த்தம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.

உசிலை மண்:
எண்ணெய் போட்டு நீவி விடச் சொல்லுங்க. எங்க ஊரில் சுளுக்கு எடுக்கிற பாட்டி ஒருவர் இருக்கிறார், இழுத்துச் சொடுக்கினால் அன்றைக்கே சரியாகிவிடும்.

கப்பலூர் ஷிப்ட்:
இழுத்துச் சொடுக்குவது மட்டும் வேண்டாம். எலும்பில் கீறல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எங்கள் கம்பெனியில் முதலுதவிப் பயிற்சி கொடுத்தபோது முதலில் சொன்னதே அதுதான்: எக்ஸ்ரே பார்க்காத விரலை யாரும் இழுக்கக் கூடாது. அதுவரை பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றி வைக்கலாம். எப்படிச் சுற்றுவது என்று அவர்களே செய்து காட்டினார்கள்.

மேலூர் களம்:
வைகைக்கரை அக்கா, நான் கபடி ஆடுகிறவன். "வலி போயிருச்சு" என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பக்கென்று இருக்கிறது.

எங்கள் அணியில் பிடிப்பதில் கெட்டிக்காரத் தம்பி ஒருவன். ஒரு மேட்ச்சில் ரைடரின் டிரவுசரைப் பிடித்தான், அவன் திமிறிக்கொண்டு ஓடினான். இவன் மோதிரவிரலில் பட்டென்று ஏதோ விட்டது. அன்று ஐஸ் வைத்துக்கொண்டு மிச்ச ஆட்டத்தையும் ஆடிவிட்டான். ஒரு வாரத்தில் வலி அடங்கியது. விரலின் நுனி மட்டும் மடங்கவில்லை. முஷ்டி பிடித்தால் மற்ற விரலெல்லாம் உள்ளங்கைக்குள் போகும், அந்த ஒரு நகம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். திருவிழா சீசன் முடிந்த பிறகுதான் டாக்டரிடம் போனான். மடக்குகிற தசைநாண் (தசையை எலும்போடு கட்டுகிற நார்) எலும்பிலிருந்து பிய்ந்து உள்ளங்கை வரை சுருங்கிப் போய்விட்டது, முதல் ஒரு வாரம் பத்து நாளுக்குள் வந்திருந்தால் பழைய இடத்தில் வைத்துத் தைத்திருக்கலாம், இப்போது இழுத்தாலும் எட்டாது என்றார்கள். இன்றைக்கும் ஆடுகிறான், ஆனால் அந்தக் கையில் பிடி நிற்காது.

அவனுக்கும் வலியே இல்லை அக்கா.

தறிச்சத்தம்:
தம்பி, அது விளையாட்டில் பட்ட அடி. இது குடம் விழுந்தது. ரெண்டையும் ஒன்றாக்கி அந்தப் பிள்ளையைப் பயமுறுத்தாதே. எக்ஸ்ரே, மருந்து, கட்டு என்று தனியாரில் போனால் ஆகிற காசு யார் கொடுப்பது?

திருநகர்:
நான் பிசியோதெரபிஸ்ட், டாக்டர் இல்லை. கையைத் தொட்டுப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பதிவில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது: "பிடித்து நிமிர்த்தினால் நிமிர்கிறது, விட்டதும் மடங்கிவிடுகிறது."

தறிச்சத்தம் ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. நடுக்கணுவில் சுளுக்கினால் வீக்கம் 6 மாதம்கூட இருக்கும், சிலருக்குக் கணு நிரந்தரமாகவே கொஞ்சம் தடித்துப் போகும். அதனால் வீக்கம் இருக்கிறதே என்று மட்டும் பதற வேண்டாம். அதே அளவுக்கு, வலி இல்லையே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். எலும்பில் சின்னக் கீறல் இருந்தால் வலி உயிரை எடுக்கலாம், ஆனாலும் அது தானாகவே சேர்ந்துவிடலாம். தசைநாண் முழுதாக அறுந்த விரலில் சில நாளில் வலியே இல்லாமலும் போகலாம். விரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கணுவும் தன் பலத்தில் மடங்கி, தன் பலத்தில் நிமிர வேண்டும்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மா கையை மேசை மேல் வைத்து விரல்களை நீட்டச் சொல்லுங்கள். நுனிக்கணு எப்படி நிற்கிறது? கீழே தொங்குகிறதா, நேராக இருக்கிறதா, மேலே தூக்கி நிற்கிறதா?

அப்புறம் மெதுவாக முஷ்டி பிடிக்கச் சொல்லுங்கள். விரல்கள் ஒன்றோடொன்று பின்னாமல் வரிசையாக மடங்குகின்றனவா, இந்த விரல் பக்கத்து விரல் மேல் ஏறுகிறதா? ஏறினால் எலும்பு முறிந்து திரும்பியபடி சேர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது, விரல் நுனியில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா?

அதோடு, விரலில் மோதிரமோ நெளியோ இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். வராவிட்டால் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றலாம்.

வைகைக்கரை:
இப்போதுதான் உட்காரவைத்துப் பார்த்தேன். முஷ்டி பிடித்தால் விரல்கள் பின்னவில்லை. உணர்ச்சி நன்றாக இருக்கிறது. நெளியை அன்றைக்கே கழற்றிவிட்டோம்.

ஆனால் நுனி மேலே தூக்கித்தான் நிற்கிறது. நடுக்கணு கீழே மடங்கி, நுனிக்கணு பின்பக்கமாக வளைந்திருக்கிறது. இத்தனை நாள் நான் இதைக் கவனித்துப் பார்த்ததில்லை. நுனியை மட்டும் மடக்கச் சொன்னால் விறைத்துக்கொண்டு மடங்க மாட்டேன் என்கிறது.

இன்னொன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மா இடது கையில் ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கை நடுவிரலில் நூலைக் கொக்கியாக வாங்கிச் சுற்றி, ஒரு சுண்டு சுண்டி இறுக்குவார். பார்க்கிறவர் கண்ணுக்குக் கை அசைவதே தெரியாது. இப்போது அந்தச் சுண்டு விழுவதில்லையாம். நூல் நடுவிரலில் நிற்காமல் நழுவுகிறதாம். அதனால் மோதிரவிரலில் மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறார். கட்டு தளர்ந்து பூ உதிர்கிறது என்று போன வாரம் கடைக்காரர் ஒரு பந்து சரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை.

மேலூர் களம்:
அக்கா, இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

திருநகர்:
சகோதரி, காட்டித்தான் ஆக வேண்டும். முகூர்த்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

விரலை நிமிர்த்துகிற தசைநாண் விரலின் முதுகுப் பக்கம் ஓடுகிறது. அது மூன்று இழையாகப் பிரியும். நடு இழை, நடுக்கணுவைத் தாண்டியதும் அடுத்த எலும்பில் பிடித்துக்கொள்கிறது. நடுக்கணுவை நிமிர்த்துவது அதுதான். பக்கத்து இழைகள் இரண்டும் இரு ஓரமாகப் போய் நுனி எலும்பில் சேர்கின்றன. கணுவின் மேல்பக்கம் அடிபட்டால் அறுபடுவது அந்த நடு இழை.

அறுந்த அன்றைக்கே தெரியாது என்பதுதான் இதில் மோசமான விஷயம். முதலில் சில நாள் பக்க இழைகளே ஈடுகொடுத்து விரலை நிமிர்த்திவிடும். வீக்கத்தில் யாருக்கும் சந்தேகமே வராது. போகப்போக அந்த இரண்டு இழைகளும் மேலே இருக்க வேண்டிய இடத்தை விட்டுப் பக்கவாட்டில் கீழே சரிகின்றன. சரிந்த பிறகு அவை இழுக்கிற இழுப்பு நடுக்கணுவை மடக்கிவிடும், நுனியை மேலே தூக்கிவிடும். 1 முதல் 3 வாரத்துக்குள் இந்தக் கோணல் வெளியே தெரியும். நீங்கள் சொல்கிற விரல் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

இன்னொரு கையால் நிமிர்த்தினால் நிமிர்கிறதே, அது நல்ல சேதி. கணு இன்னும் இறுகவில்லை. இந்த நிலையில் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. நடுக்கணுவை நேராக வைத்து, வளையாத ஒரு பட்டை (ஸ்பிளின்ட்) கட்டி, 6 வாரம் போல மடக்காமல் காப்பாற்றினால் அறுந்த இழை சேர வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. விட்டால் கணு அந்த மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு விரல் கணு சீக்கிரம் இறுகும். இறுகிய பிறகு முதலில் அதை இளக்கவே வாரக்கணக்கில் ஆகும், அப்புறம்தான் மற்றது. ஆபரேஷன் செய்தாலும் பழைய விரல் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

கப்பலூர் தம்பி சொன்ன பக்கத்து விரல் டேப், சாதாரணச் சுளுக்குக்கு நல்ல வழி. இதற்கு ஆகாது. பக்கத்து விரலோடு சேர்ந்து இந்த விரலும் மடங்கிக்கொண்டே இருக்கும். நீவுவதும் வேண்டாம். சர்க்கரை இருப்பதால் சூடான ஒத்தடமும் வேண்டாம், சூடு உறைக்காமல் கொப்புளித்துவிடும்.

கப்பலூர் ஷிப்ட்:
சரிங்க. டேப் சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள் அக்கா.

உசிலை மண்:
திருநகர் சொன்னதைப் படித்த பிறகு பாட்டி பேச்சை விட்டுவிடுகிறேன். என் அப்பா விஷயம் ஒன்று இதற்குப் பக்கத்தில் வரும், கேளுங்கள்.

வேலி வெட்டும்போது ஆள்காட்டி விரல் கணுவில் சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டாச்சு, புண்ணும் ஆறிவிட்டது. ஆனால் கணு வீங்கும், வற்றும், மறுபடி வீங்கும். முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வேறு டாக்டர் ஒருவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முள் நுனி உடைந்து கணுவுக்குள்ளேயே இருந்தது. முள் எக்ஸ்ரேயில் தெரியாது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். எடுத்த பிறகு வீக்கம் வரவே இல்லை.

அதனால் டாக்டரிடம் போகும்போது அடி எப்படிப் பட்டது என்று விலாவாரியாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

திருநகர்:
உசிலை அண்ணன் சொன்னது முக்கியம். மரத்துண்டும் முள்ளும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அறுந்த தசைநாணும் தெரியாது. அது எலும்புச் சில்லோடு பிய்ந்து வந்திருந்தால் மட்டும் அந்தச் சில்லு தெரியும். அதனால் வைகைக்கரை, டாக்டரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நடுக்கணுவின் மேல்பக்கம் அடிபட்டது, இப்போது தானாக நிமிரவில்லை, நுனி மேலே தூக்குகிறது." இவ்வளவு சொன்னாலே அவர் விரலை எப்படிச் சோதிக்க வேண்டுமோ அப்படிச் சோதிப்பார்.

முள் பேச்சு வந்ததால் மற்றவர்களுக்காகவும் ஒன்று சொல்லிவைக்கிறேன். குத்தோ வெட்டோ பட்ட பிறகு விரல் முழுக்கச் சமமாக வீங்கி, பாதி மடங்கி நின்று, உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுக அழுத்தினால் வலித்து, லேசாக நிமிர்த்தினாலே உயிர் போகிறதா? தசைநாண் உறைக்குள் சீழ் பிடிக்கிறது என்று பொருள். அதற்கு நாளைக்கு என்று தள்ளக் கூடாது, ராத்திரியானாலும் அப்போதே கிளம்ப வேண்டும். எலுமிச்சம்பழம் செருகிக்கொண்டு உட்கார அது நகச்சுற்று இல்லை.

வைகைக்கரை:
அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். மேலூர்த் தம்பி எழுதியதைக் கேட்டபோது ஒன்றும் பேசவில்லை. திருநகர் எழுதியதில் "ஆபரேஷன் தேவைப்படாது" என்ற இடத்தை ரெண்டாம் தடவை படிக்கச் சொன்னார். இத்தனை நாள் தள்ளிப்போட்டது கூலிக்காக மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கத்தி வைத்துவிடுவார்களோ என்று பயந்திருக்கிறார்.

எங்கே காட்டுவது? காப்பீட்டு அட்டை இருக்கிறது.

தறிச்சத்தம்:
அம்மாடி, நான் முன்னே சொன்னதைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடாதே. தறியில் இழை அறுந்தால் அப்போதே நிறுத்திப் பிணைத்துவிட வேண்டும், ஓடவிட்டால் துணி பூரா போய்விடும். விரலுக்குள்ளும் அப்படி ஓர் இழை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கோரிப்பாளையத்து அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போ. தனியார் செலவு அங்கே ஆகாது. திங்கள்கிழமை வேண்டாம், கூட்டம் அள்ளும். செவ்வாய் இல்லை புதன் விடியற்காலை கிளம்பினால் ஓபி சீட்டு சீக்கிரம் கிடைக்கும். எலும்பு டாக்டர் பகுதி எது என்று சீட்டு போடும் இடத்திலேயே கேட்டுவிடு. ஆதார், காப்பீட்டு அட்டை, சர்க்கரை மாத்திரைச் சீட்டு எல்லாம் எடுத்துக்கொள். அம்மாவை வெறும் வயிற்றில் கூட்டிப் போகாதே, மாத்திரை போட்டவர், வரிசையில் மயங்கிவிடுவார். கையில் இட்லி கட்டிக்கொண்டு போ.

திருநகர்:
ஐயா சொல்வது சரி. பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு, பிளாஸ்டிக் சர்ஜரி இரண்டு பகுதியும் இருக்கின்றன. தேவைப்பட்டால் அவர்களே அங்கிருந்து இங்கே அனுப்புவார்கள். விரல் தசைநாணுக்காகச் சென்னைக்கு ஓட வேண்டிய அவசியம் இப்போது இல்லை. பின்னால் சிக்கலான ஆபரேஷன் என்ற பேச்சு வந்தால், ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. அது கடைசிப் பேச்சு.

போகும்வரை விரலை நீங்களாக இழுத்துக் கட்ட வேண்டாம். பூ கட்டுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

மேலூர் களம்:
போய்விட்டு வந்து கட்டாயம் எழுதுங்கள் அக்கா. எங்கள் பையன்கள் எல்லோருக்கும் இந்தப் பதிவை அனுப்பியிருக்கிறேன்.

வைகைக்கரை:
போய்விட்டு வந்தோம். ஐயா சொன்னபடி புதன்கிழமை போனதால் மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. டாக்டரிடம் திருநகர் எழுதிக் கொடுத்த மூன்று வாக்கியத்தையும் அப்படியே சொன்னேன். அவர் அம்மாவின் விரலை மேசை விளிம்பில் நடுக்கணுவோடு மடக்கி வைத்து, "இப்போ நிமிர்த்துங்க" என்று மேலே தன் விரலால் தடுத்துப் பிடித்தார். நடுக்கணுவில் பலமே வரவில்லை, நுனி மட்டும் விறைத்துக்கொண்டு மேலே போனது. நடு இழை விட்டிருக்கிறது என்றார். நேராக வைக்கும் பட்டை போட்டுவிட்டார்கள். நடுக்கணு மட்டும் பட்டைக்குள், நுனி வெளியே. 6 வாரம் கழற்றக் கூடாது. நுனியை மட்டும் நாளெல்லாம் மடக்கிப் பழக வேண்டுமாம், அப்படிச் செய்தால் சரிந்த பக்க இழைகள் மேலே ஏறும் என்றார். இவ்வளவு நாள் கழித்து வந்ததால் முழுதாக நிமிருமா என்று இப்போதே சொல்ல முடியாது, ஆனால் முயற்சிக்கத் தகுந்த விரல்தான் என்றார்.

முகூர்த்த ஆர்டரைச் சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். அம்மா இடது கையால் மொட்டு பிரித்துக் கொடுக்கிறார், முழம் அளக்கிறார். வருமானம் குறையும், அது உண்மை. கடைக்காரரிடம் நானே போய்ப் பேசினேன். கை சரியானதும் பழைய ஆர்டர் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு சந்தேகம். பூ வேலை என்றால் ஈரம்தான். பட்டைக்குள் தண்ணீர் போய்விடுகிறது, தோல் வெளுத்து ஊறிப்போகிறது. சர்க்கரைக் கை என்பதால் பயமாக இருக்கிறது. கழற்றித் துடைக்கலாமா?

திருநகர்:
கேட்டது நல்லது. ஊறிய தோல் புண்ணானால் பட்டையையே எடுக்க வேண்டி வரும், சிகிச்சை அதோடு நின்றுவிடும். ஈர வேலையை அம்மா அறவே விடட்டும், குளிக்கும்போது கையில் பிளாஸ்டிக் உறை கட்டுங்கள்.

கழற்றலாமா என்று அந்த டாக்டரிடமோ அங்குள்ள பிசியோ பகுதியிலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் சரி என்றால், அம்மா தனியாகச் செய்யக் கூடாது, நீங்கள் கூட இருக்க வேண்டும். கையை மேசை மேல் குப்புற வைத்து, விரல் மேசையோடு ஒட்டி நேராக இருக்கும்படி நீங்கள் பிடித்துக்கொண்டு, பட்டையை உருவித் துடைத்து, காற்றாட விட்டு, அப்படியே திரும்பப் போடுங்கள். நடுவில் ஒரே ஒரு தடவை மடங்கினாலும் சேர்ந்துகொண்டிருந்த இடம் விட்டுப்போகும், வாரக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். தோலில் சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் மறு ஓபி தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

வைகைக்கரை:
சரிங்க. நாளைக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலையை இன்று முதல் தம்பி பார்த்துக்கொள்கிறான்.

தறிச்சத்தம்:
அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சொல்லம்மா, என் பேரன் ஆட்டோ ஓட்டுகிறான், கொண்டுபோய் விடுவான். என் சுண்டுவிரலையும் ஒரு தடவை காட்டலாமா என்று பார்க்கிறேன், இப்போதெல்லாம் மரத்துப் போகிறது.

திருநகர்:
காட்டுங்கள் ஐயா. மரத்துப் போவது சுண்டுவிரலோடு மோதிரவிரலின் பாதிவரை இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டு போங்கள். அப்படி இருந்தால் பழைய அடி காரணமாக இருக்காது, முழங்கையில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.